குச்சி பொறுக்கிய கைகளும் கமராக் கண்ணும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்து வாசியுங்கள். பேசப்போவதும் அந்தப் பிளேன்டீயைப் பற்றித்தான்.

கடந்த தவணையில் தரம் 10 பிள்ளைகளை பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றுக்கு அழைத்துப் போயிருந்தோம். வாட்டும் தட்டு, உருட்டும் இயந்திரம், அடுப்பு என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைசியாகத் தரம் பிரிக்கும் அறைக்கு வந்தோம். அங்கே அலுமாரி அளவில் ஒரு பெட்டி. மேலே கொட்டிய தேயிலை கீழே இரண்டு வழியாக வந்து விழுகிறது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் சிவந்த குச்சி. பிள்ளைகள் விட்டு நகரவில்லை. "சேர், உள்ளுக்க ஆர் இருந்து பொறுக்குற?" என்று ஒரு மகள் கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் கேள்வி சரியான கேள்விதான்.

அதற்குப் பதில் சொன்னது நாம் அல்ல. அங்கே கூட்டிக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர். "முந்தி இந்த எடத்துல நாங்க வரிசயா குந்தியிருந்து பொறுக்குவோம் புள்ள. இப்ப இது பொறுக்குது" என்றார். சொல்லிக்கொண்டே, இயந்திரம் சுத்தம் என்று தள்ளிய தேயிலைக்குள் விரலை விட்டு ஒரு குச்சியை எடுத்துக் காட்டினார். பார்க்கவே இல்லை. விரல்தான் பார்த்தது.

அன்றிலிருந்து இந்த விடயத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம். தேயிலை யார் கொண்டுவந்தார், எந்த ஆண்டு, எத்தனை ஏக்கர் என்பதையெல்லாம் பாடப்புத்தகம் சொல்கிறது. பறித்த கொழுந்துக்குள் வரும் வேண்டாததை யார் எடுத்தார்கள் என்பதை ஒரு வரியிலும் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுத நினைக்கிறோம்.

தேயிலைக்கு முன்னால் கோப்பி. ஊவாவில் கோப்பிக்கு இரண்டு முகம் இருந்தது. ஒன்று வெள்ளைக்காரத் துரைமாரின் தோட்டக் கோப்பி. மற்றது கிராமத்துச் சிங்கள மக்கள் வீட்டுத் தோட்டத்தில் வளர்த்த நாட்டுக் கோப்பி. நாட்டுக் கோப்பியை ஊர் ஊராகப் போய் வாங்கியவர்களில் பெரும்பாலோர் எமது சோனக வியாபாரிகள். கிழக்குக் கரையிலிருந்து உப்பும் கருவாடும் புடவையும் ஏற்றிக்கொண்டு தவள மாடுகள் ஊவாவுக்கு ஏறிய பாதையில்தான் இறங்கும்போது பாக்கும் கோப்பியும் போயின. அந்த வரலாற்றை நாம் பெருமையோடு சொல்வதுண்டு. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சந்தையில் நாட்டுக் கோப்பிக்கு எப்போதும் தோட்டக் கோப்பியை விடக் குறைந்த விலைதான். பழத்தைத் தோலோடு வெயிலில் காயவைத்து இடித்ததால் கொட்டையின் நிறம் மங்கியிருந்தது. உடைசலும் தோலும் கல்லும் கலந்திருந்தது. சுத்தம் செய்யாத சரக்குக்கு வந்த தண்டனை அது. அந்தக் குறைந்த விலையைக் கடைசியில் சுமந்தவர் கிராமத்து விவசாயி.

தோட்டக் கோப்பியோ மலையிலேயே பழத்தோல் நீக்கப்பட்டு, மெல்லிய ஓட்டோடு மாட்டு வண்டியில் கொழும்புக்குப் போனது. அங்கே பெரிய கோப்பிக் களஞ்சியங்கள். ஓடு நீக்கி, அளவு பிரித்து, கடைசியில் பெண்கள் நூற்றுக்கணக்கில் தரையில் உட்கார்ந்து கறுத்ததையும் உடைந்ததையும் கல்லையும் கையால் பொறுக்கினார்கள். அந்தக் காலத்துப் புகைப்படங்களில் இதைப் பார்க்கலாம். முற்றம் நிறையப் பெண்கள், முன்னால் குவியல். இதே மாதிரிப் பெண்கள்தான் கொழும்புக் காரீயக் களங்களிலும் கட்டிகளைப் பிரித்தார்கள். அந்நிய நாட்டுக்கு ஏற்றுமதியான எதுவும் ஒரு பெண்ணின் விரலைத் தொடாமல் கப்பல் ஏறவில்லை என்றே சொல்லலாம்.

இந்த இடத்தில் எமது மாவட்டத்துக்குரிய ஒரு செய்தி. 1869 இல் கோப்பி இலையின் கீழ்ப்பக்கத்தில் செம்மஞ்சள் பொட்டுகள் முதன்முதலாகக் கவனிக்கப்பட்டது மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். சில செடிகளில் மட்டும்தான். இலைகள் பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவெய்ட்ஸுக்குப் போயின. அங்கிருந்து இங்கிலாந்தில் இருந்த பூஞ்சண நிபுணர் பேர்க்லிக்குப் போயின. அதே ஆண்டில் அவர் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். இருபது வருடத்துக்குள் இலங்கையின் கோப்பி முடிந்தது. இன்று கைப்பேசியில் இலையைப் படம் பிடித்தால் நோயைச் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. அந்த வேலையை எமது மடுல்சீமையில் 1869 இல் ஒரு வெறுங்கண் செய்தது. கண்டுபிடித்தும் காப்பாற்ற முடியவில்லை என்பது வேறு கதை.

கோப்பி போன இடத்தில் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். 1873 இல் அவர் லண்டனுக்கு அனுப்பிய முதல் சரக்கு 23 இறாத்தல். 1883 இல் கொழும்பில் ஏலம் தொடங்கியது. 1890 இல் தோமஸ் லிப்டன் வந்து ஹப்புத்தளைப் பக்கத்தில் தம்பேத்தனை போன்ற தோட்டங்களை வாங்கினார். 1924 இல் பதுளைக்குக் கோச்சி வந்தது. இதெல்லாம் வேகமாகக் கடந்து போகலாம். ஏலம் என்ற சொல்லில் மட்டும் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

ஏலத்தில் தேயிலையைச் சுவைத்து மட்டும் விலை போடுவதில்லை. முதலில் காய்ந்த தூளை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்ப்பார்கள். கறுப்பாக, ஒரே அளவாக, சுத்தமாக இருக்க வேண்டும். சிவந்த குச்சி நாலு தெரிந்தால் விலை இறங்கும். எமது ஊவாத் தேயிலைக்கு ஆடி, ஆவணி மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும்போது வரும் அந்த விசேட வாசம் உலகப் பிரசித்தம். ஆனால் வாசம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் தட்டில் குச்சி தெரிந்தால் வாங்குபவர் முகம் சுளிப்பார்.

குச்சி எங்கிருந்து வருகிறது? இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்று சொன்னாலும் அந்த இரண்டு இலையைச் சேர்த்துப் பிடித்திருப்பது காம்புதானே. இலை உருண்டு, புளித்து, அடுப்பில் காய்ந்து கறுக்கும்போது காம்பும் நாரும் சிவந்த மண்ணிறத்தில் நிற்கும். அதாவது குச்சி வெளியிலிருந்து வந்த அழுக்கு அல்ல. தேயிலையோடு பிறந்தது. ஜப்பானில் இதே காம்பைப் பச்சைத் தேயிலையிலிருந்து பிரித்து, குக்கிச்சா என்ற பெயரில் தனியாக விற்கிறார்கள். அதற்கென்றே பிரியர்கள் இருக்கிறார்கள். எமக்குக் கழிவு, அவர்களுக்குச் சரக்கு. எது கழிவு என்பதைச் செடி தீர்மானிப்பதில்லை, வாங்குபவர்தான் தீர்மானிக்கிறார்.

ஆரம்பத்தில் இந்தக் குச்சியைப் பிரித்தது முழுக்க முழுக்கக் கைதான். பெண்களும், அந்தக் காலத்தில் பிள்ளைகளும். பிறகு இயந்திரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மிடில்டன் என்று தொழிற்சாலைக்காரர் சொல்லும் தட்டு வந்தது. குழி குழியாக ஓட்டை போட்ட தட்டு ஆடிக்கொண்டே இருக்கும். சிறிய தூள் ஓட்டைக்குள் விழும், நீளமான குச்சி மேலால் உருண்டு ஓடிவிடும். அடுத்து வினோவர். காற்றை ஊதிப் பாரத்தின்படி பிரிப்பது, நாம் சுளகில் புடைப்பதைப் போன்றது. அதற்கடுத்து நிலைமின் உருளை. பீவீசி உருளையைக் கம்பளியில் உரசவிட்டுத் தேயிலைக்கு மேலால் சுழற்றுவார்கள். நாரும் குச்சியும் எழும்பி உருளையில் ஒட்டும். தலைமுடியில் சீப்பை உரசிக் கடதாசித் துண்டை எழுப்பிக் காட்டும் அதே பரிசோதனைதான். காம்பில் இலையை விடக் கொஞ்சம் ஈரம் தங்கியிருப்பதால் அது முதலில் எழும்புகிறது. மழை நாளில், தூள் ஈரத்தைக் குடித்துவிட்டால், எல்லாம் சேர்ந்து எழும்பும் அல்லது எதுவும் எழும்பாது. அடுப்பிலிருந்து வந்த கையோடு செய்துவிட வேண்டும்.

இத்தனை இயந்திரம் வந்தும் கடைசிக் குச்சிக்குக் கைதான் தேவைப்பட்டது. ஏனென்றால் இவை எதுவும் குச்சியை அடையாளம் காணவில்லை. நீளத்தை அறிந்தன, பாரத்தை அறிந்தன, ஈரத்தை அறிந்தன. நிறத்தை அறிந்தது கண் மட்டும்தான்.

அந்தக் கண்கள் யாருடையவை? 1984 வரை தோட்டத்தில் பெண்ணுக்கு ஆணை விடக் குறைந்த நாட்சம்பளம். குச்சி பொறுக்குவது இலேசான வேலை, நிழலில் குந்தியிருக்கும் வேலை என்பதுதான் மேலே இருந்தவர்களின் கணக்கு. நாள் முழுக்கத் தூசிக்குள், மங்கலான வெளிச்சத்தில், கறுப்புக்குள் மண்ணிறத்தைத் தேடிப் பாருங்கள், இலேசா இல்லையா என்று தெரியும்.

இன்னொரு பிரிப்பும் நடந்தது. 1948 இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1964 இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேரைக் கணக்குப் போட்டு 525,000 பேர் அந்தப் பக்கம், 300,000 பேர் இந்தப் பக்கம், மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியது. லயத்துக் காம்பராவில் அடுத்தடுத்து இருந்த அக்கா தங்கைக்குக் கூட வேறு வேறு நாடு கிடைத்தது. மலைநாட்டிலிருந்து தலைமன்னார் போன கோச்சியை ஒப்பாரிக் கோச்சி என்று சொல்வார்கள். அந்தக் கோச்சியில் போனவர்களில் கொழுந்து பறித்த கைகளும் உண்டு, குச்சி பொறுக்கிய கைகளும் உண்டு. இதை இங்கே எழுதுவது பொருத்தமா என்று யோசித்தோம். பிரித்தல் என்ற சொல்லை மலையகத்தில் இருந்துகொண்டு தேயிலைக்கு மட்டும் பாவிக்க எமக்கு மனம் வரவில்லை.

சரி, இனி அந்தப் பெட்டி.

கண்ணுக்குப் பதிலாக ஒளிக்கலத்தை வைக்கும் யோசனை பழையது. 1930 களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் அவரை விதைகளில் நிறம் மாறியதை ஒளிக்கலத்தால் கண்டு தள்ளும் இயந்திரங்கள் வந்துவிட்டன. அங்கேயும் அதுவரை பெண்கள்தான் பொறுக்கினார்கள். 1947 இல் லண்டனில் சோர்டெக்ஸ் நிறுவனம் தொடங்கியது. ஜப்பானில் ஹிரோஷிமாப் பக்கத்து சட்டாக்கே, 1896 இலிருந்து நெல் குற்றும் இயந்திரம் செய்த நிறுவனம், அரிசிக்குள் கறுப்பு அரிசியைப் பிரிக்கும் இயந்திரங்களைச் செய்தது. இன்று சீனாவின் ஹெஃபெய் நகரம் இதற்கென்றே பேர் போனது. அரிசி, பருப்பு, கோப்பி, மிளகு என்று எல்லாவற்றுக்கும் இயந்திரம் உண்டு. இலங்கைத் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குக் கடந்த சில பத்தாண்டுகளில் முதலில் ஜப்பானிலிருந்தும் பிறகு மற்ற நாடுகளிலிருந்தும் இவை வந்தன. வண்ணம் பிரிக்கும் இயந்திரம் என்று நாம் எழுதலாம். தொழிற்சாலையில் கலர் சோர்ட்டர் என்றுதான் சொல்கிறார்கள்.

வேலை செய்யும் விதம் இதுதான். மேலே அதிரும் தட்டிலிருந்து தூள் மெல்லிய படலமாகச் சரிவில் இறங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விழுகிறது. விழும் வழியில் விளக்கு வெளிச்சம். முன்னும் பின்னும் கமரா. கறுப்பைக் கண்டால் சும்மா விடும். வெளிறிய மண்ணிறத்தைக் கண்டால் அந்த இடத்துக்கு நேரே உள்ள ஊசிமுனைக் குழாய் திறந்து அமுக்கிய காற்றை ஒரு தடவை ஊதும். குச்சி தன் பாதையிலிருந்து விலகி அடுத்த பக்கம் விழும்.

வகுப்பில் இதைக் கணக்காகச் செய்தோம். அரை மீட்டர் சும்மா விழும் பொருளின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3 மீட்டர். கமரா பார்க்கும் இடத்துக்கும் காற்று முனைக்கும் இடையில் 6 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், பார்த்து, முடிவெடுத்து, ஊதுவதற்கு இயந்திரத்துக்கு இருப்பது 20 மில்லிசெக்கன். நாம் ஒரு தடவை கண் சிமிட்டுவதற்கே 100 மில்லிசெக்கனுக்கு மேல் போகும். பிள்ளைகள் மாறி மாறிக் கண் சிமிட்டிப் பார்த்தார்கள். மீதிப் பாடம் நடக்கவில்லை.

அதிலும் ஒரு நட்டம் உண்டு. காற்று குச்சியை மட்டும் தள்ளாது, பக்கத்தில் விழும் நல்ல தூளையும் சேர்த்துத் தள்ளும். ஆகவே தள்ளியதைத் திரும்பவும் இயந்திரத்தில் போடுகிறார்கள். எவ்வளவு கண்டிப்பாகப் பிரிப்பது என்பதைத் தொழிற்சாலையில் டீமேக்கர் தீர்மானிக்கிறார். கண்டிப்பைக் கூட்டினால் தேயிலை சுத்தமாகும், நல்லதும் கழிவில் போகும். குறைத்தால் குச்சி தங்கும். ஊசிமுனையில் நிற்கும் தீர்மானம் அது. இயந்திரம் அதை எடுப்பதில்லை.

பிறகு, நிறத்தை மட்டும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாதவையும் இருக்கின்றன. தேய்ந்த இயந்திரத்திலிருந்து வரும் இரும்புத் தூள் கறுப்பு. அதற்குக் காந்தம் வேண்டும். கொழுந்துச் சாக்கிலிருந்து பிரியும் நைலோன் இழை கறுப்பாக இருந்தால் அதுவும் தப்பிவிடும். பூச்சி, முடி என்று சொல்லிக்கொண்டே போகலாம். இன்றைய புது இயந்திரங்கள் நிறத்தோடு வடிவத்தையும் பார்க்கின்றன. சில, எமது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்கு அண்மிய ஒளியில் பார்க்கின்றன. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி, இது குச்சி, இது இலை என்று பழக்கி எடுத்த நிரல்கள் உள்ளே இருக்கின்றன. பழக்குவது என்றால் யாரோ ஒரு மனிதர் ஒவ்வொரு படத்திலும் குச்சியைக் குறித்துக் கொடுக்கிறார் என்று அர்த்தம். வயதான அம்மாவின் விரலுக்குத் தெரிந்ததை யாரோ மவுஸால் சொல்லிக் கொடுக்கிறார்.

ஒரு சிறிய பூச்சி என்ன செய்யும் என்பதை 2017 இல் நாடே பார்த்தது. டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலைக்குத் தடை போட்டது. ஒரு சரக்கில் கப்ரா வண்டு, தானியத்தை அரிக்கும் பூச்சி, காணப்பட்டதுதான் காரணம் என்றார்கள். அப்போதுதான் இலங்கை அஸ்பெஸ்டோஸ் கூரைத் தகடுகளுக்குத் தடை கொண்டுவர இருந்தது, அது ரஷ்யாவிலிருந்து வருவது, ஆகவே இது அதற்கான பதிலடி என்று பலரும் பேசினார்கள். அஸ்பெஸ்டோஸ் தடையும் ஒத்திவைக்கப்பட்டது, மாத முடிவுக்குள் தேயிலைத் தடையும் நீங்கியது. ரஷ்யா எமது பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று. அந்த இரண்டு கிழமையும் பசறையிலும் நமுனுகுலையிலும் கொழுந்து பறித்தவர்களுக்கு வண்டையும் தெரியாது, அஸ்பெஸ்டோஸ் அரசியலும் தெரியாது.

இதே தொழில்நுட்பம் குப்பைக்கு வந்த கதை இன்னும் சுவாரசியமானது. மேற்கு நாடுகளில் போத்தல், பிளாஸ்டிக், கடதாசி எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போடப் பழகினார்கள். பிரித்த பிறகும் ஒன்றுக்குள் ஒன்று கலந்திருந்தது. அதைக் கட்டிக் கட்டி சீனாவுக்கு அனுப்பினார்கள். 2018 மார்ச் முதல் சீனா, பெரும்பாலான வகைகளில் கலப்பு 0.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஏற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டது. நூறு கிலோவுக்கு அரைக் கிலோ. எமது தேயிலைக்காரர் எப்போதோ பார்த்த கண்டிப்பு இது. ஆனால் குப்பைக்காரர்களுக்கு உலகம் இருண்டுவிட்டது.

அங்கேதான் ரோபோக்கள் வேகமாக நுழைந்தன. பின்லாந்தின் சென்ரோபொட்டிக்ஸ் 2007 இலேயே தொடங்கியது. அமெரிக்காவின் கொலராடோவில் ஏஎம்பி ரோபொட்டிக்ஸ் 2014 இல். ஓடும் பட்டிக்கு மேலே கமரா, பக்கத்தில் சிலந்திக் கால் மாதிரி ஒரு கை, நுனியில் உறிஞ்சும் கிண்ணம். பிரித்து முடிந்த கடதாசிக்குள் ஒரு பொலித்தீன் பை போனால் கமரா காண்கிறது, கை இறங்கி உறிஞ்சி எடுத்துப் போடுகிறது. தேயிலையில் காற்று ஊதுகிறது, குப்பையில் கை எடுக்கிறது. மூளை ஒன்றுதான். குறையும் ஒன்றுதான். கரி கலந்த கறுப்பு பிளாஸ்டிக் அகச்சிவப்பு ஒளியை விழுங்கிவிடுவதால் அந்தக் கமராவுக்கு அது வெறும் இருட்டு.

சீனா கதவைச் சாத்தியபோது அந்தக் குப்பை எங்கே போனது என்று கேட்டால், கொஞ்சம் எங்களிடமும் வந்தது. பாவித்த மெத்தை, கம்பளம், மீள்சுழற்சிக்கு என்று சொல்லி பிரித்தானியாவிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த 263 கொள்கலன்களைத் திறந்தபோது வைத்தியசாலைக் கழிவும் இருந்தது. நீதிமன்றம் வரை போய், திருப்பி அனுப்பி முடிக்க 2022 பெப்ரவரி ஆனது. அதற்கு முன்பே, 2017 சித்திரைப் புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்ல குப்பைமலை சரிந்து 32 பேர் போனார்கள். இன்றும் எமது ஊர்களில் குப்பையைப் பிரிப்பது கையுறை போட்ட, பல நேரம் போடாத, மனிதக் கைதான்.

நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் எமது பிள்ளைகளுக்குத் தெரியும். மேலே காய்ந்திருந்தது, உள்ளே விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்று வியாபாரி சொன்னார். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டியதுதானே என்று கேட்டு, மோசடி செய்பவரைக் கடுமையாக எச்சரித்தார்கள். இதை வகுப்பில் சொன்னபோது அதே மகள் கேட்டாள்: "அப்ப சேர், கழிவுத் தேயிலைய என்ன செய்யிற?"

அதுவும் சரியான கேள்வி. இயந்திரம் தள்ளிய குச்சியும் நாரும் தூசியும் சட்டப்படி கழிவுத் தேயிலை. உடனடித் தேயிலை செய்யவும் பசளைக்கும் அதற்கு வழி இருக்கிறது. ஆனால் லொறியில் அனுமதி இல்லாமல் கழிவுத் தேயிலை பிடிபட்டது என்ற செய்தியை நாம் எத்தனை தடவை வாசித்திருப்போம்? சீனி கலந்து, நிறம் ஊட்டி, திரும்பவும் கடைக்கு வருகிறது. முன்னால் ஏற்றுமதிக்காக இருபது மில்லிசெக்கனில் பிரித்தெடுத்த அதே குச்சி, பின்கதவால் உள்ளூர்க்காரனின் கோப்பைக்குள் வருகிறது. ரோட்டோரக் கடையில் குடிக்கும் பிளேன்டீயில் எது இருக்கிறது என்று எந்தக் கமராவும் பார்ப்பதில்லை. இதைச் செய்பவர்களில் எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள். எமது ஆட்களும் இருக்கிறார்கள். சொல்லாமல் விட்டால் மேலே எழுதிய ஹதீஸை எழுதியதில் பயனில்லை.

இன்னும் ஒரு விடயம். தொழிற்சாலைக்குள் குச்சி குறைய வேண்டுமானால் மலையில் நல்ல கொழுந்து பறிக்க வேண்டும். 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. ஆனால் நாட்சம்பளம் வேண்டுமானால் கிலோக் கணக்கு நிரம்ப வேண்டும். நிரப்ப வேண்டுமானால் கை வேகமாக ஓட வேண்டும். இப்போது பல தோட்டங்களில் ஆட்கள் குறைவு, கத்தரி வெட்டு வந்துவிட்டது. கத்தரிக்குக் கொழுந்தும் ஒன்று, முற்றிய காம்பும் ஒன்று. நிறுவைத் தராசில் முற்றல் இலை என்றும் தண்ணீர் என்றும் சொல்லிக் கிலோவைக் கழிக்கிறார்கள். அந்தத் தராசுப் பழக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது. கொழுந்து மடுவத்தில் ஒரு கழிவு, தொழிற்சாலையில் ஒரு கழிவு. கமரா பிடிக்கும் குச்சியில் பெரும்பகுதி இந்த அவசரத்தில் பிறந்தது. இயந்திரத்துக்குப் பல இலட்சம் போடுபவர்கள், கை கொஞ்சம் மெதுவாக ஓடினால் குச்சி எவ்வளவு குறையும் என்று ஒரு தடவை கணக்குப் பார்த்திருப்பார்களா தெரியவில்லை.

பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறது. அந்த மகள் அங்கே போக ஆசைப்படுகிறாள். அவளுடைய பாட்டி குச்சி பொறுக்கியவர் என்பது அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் எமக்குத் தெரிந்தது. பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லியிருந்தோம், ஒரு நாளைக்கு எத்தனை இறாத்தல் பொறுக்குவார்கள் என்று. அடுத்த நாள் வந்து சொன்னாள், "இறாத்தல் பாட்டிக்கு மறந்திட்டு சேர். ஆனா குச்சிய நிறுத்துத்தான் பேர் போட்டாங்களாம். குச்சி கொறஞ்ச நாள் வேல செய்யல்லண்டு ஏசுவாங்களாம்."

தேயிலை சுத்தமாக வந்த நாளில் ஏச்சு. இதைக் கேட்ட பிறகு எமக்கு இன்னும் பலரிடம் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. ஸ்பிரிங்வெலி, தெமோதரை, ஹாலிஎல, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத்து உறவுகளே, உங்கள் வீட்டில் ஸ்டோரில் பொறுக்கிய பாட்டி, அம்மம்மா, உம்மம்மா யாரும் இருந்தால் அந்த வேலையை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், எப்படிக் கணக்கு வைத்தார்கள், எந்த வருடம் நிற்பாட்டினார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பழைய மிடில்டன் தட்டு எங்காவது மூலையில் கிடந்தால் ஒரு படமும் பிடித்து அனுப்புங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.